முகப்பூச்சும் முகத்தின் உண்மையும்

முகத்திற்குப் பூச்சும் கண்ணுக்கு மையும் இடுவது ஒருவகைப் பொய்யாகுமா? மயிலாப்பூர் வடக்கு மாடவீதியிலோ தியாகராயநகர் ரங்கநாதன் தெருவிலோ மகளுக்குக் கண்மை வாங்கித் தரும் தாய் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் இதை மிகுந்த சினத்தோடு கேட்டார். பெண்களின் அலங்காரம் குறித்து அவர் எழுதிய இரு சிறு நூல்களில், கன்னத்தில் செந்நிறம் பூசிக் கண்ணோரத்தில் மை நீட்டும் பெண் தன்னைப் படைத்தவரின் கைவேலையில் குறை காண்கிறாள் என்று வாதிட்டார். அந்நகரின் ஆயரும் மறைச்சாட்சியுமான புனித சிப்பிரியான் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உயிர்த்தெழும் நாளில் இது தாம் படைத்த முகம் அன்று எனப் படைத்தவர் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சும்படி அவர் கன்னியரை எச்சரித்தார்.

இவர்களுடைய சினத்தை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. முகம் என்பது வெறும் தோல் அன்று. ஒருவர் மற்றவருக்குத் தம்மைக் கையளிக்கும் முதல் இடம் அது. அவ்விடத்தில் கலப்படம் கூடாது என்ற அவர்களின் அக்கறை பெரியது. ஆயினும் திருவிவிலியம் இவ்வளவு கடுமையாக ஒரே குரலில் பேசவில்லை. ஈசபேல் தன் முடிவு நெருங்கும் வேளையில் கண்களுக்கு மை தீட்டிச் சாளரத்தில் நின்றாள் என்பதை மறையுரையாளர்கள் மறப்பதில்லை. தன் ஊரைக் காக்கும்பொருட்டு யூதித்து கைம்பெண் உடையைக் களைந்து, நீராடி, நறுமணத் தைலம் பூசி, அணிகலன் பூண்டு புறப்பட்டதும் அதே விவிலியத்தில்தான் உள்ளது. துன்பமெல்லாம் தீர்ந்தபின் யோபுவுக்குப் பிறந்த மூன்றாவது மகளின் பெயருக்கு எபிரேய மொழியில் 'மைச்சிமிழ்' என்பதே பொருள். இழந்ததையெல்லாம் திரும்பப் பெற்ற தந்தை தன் குழந்தைக்குச் சூட்டிய பெயர் இது! இதைப் பற்றி மறையுரை ஏனோ அதிகம் கேட்பதற்கில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தமது 'இறையியல் தொகுப்பு' நூலின் இரண்டாம் பகுதியில், 169ஆம் வினாவில் இப்பொருளை எடுத்துக்கொண்டார். சிப்பிரியானின் கூற்றை ஒரு தடையாக முன்வைத்துவிட்டு, அவருக்கே உரிய நிதானத்தோடு விடை கூறினார். ஒப்பனை எப்போதும் சாவான பாவம் ஆகிவிடாது. காமத்தைத் தூண்டும் நோக்கமோ இறைவனை இகழும் மனமோ இருந்தால்தான் அது அப்படி ஆகும். இத்துடன் அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டினார். இல்லாத அழகை இருப்பதாகக் காட்டுவது ஒன்று; நோயாலோ அதுபோன்ற வேறு காரணத்தாலோ நேர்ந்த விகாரத்தை மறைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது தகும் என்றார் அவர். இவ்வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று பார்க்கலாம்.

வீட்டில் அன்றாடம் செய்துகொள்ளும் ஒப்பனை மிக எளியது. முகத்தைக் கழுவித் துடைத்து, ஈரப்பதம் காக்கும் களிம்பைச் சிறிதளவு தடவி, வெயிலில் செல்வோராயின் சன்ஸ்கிரீனும் பூசி, சில நிமிடம் ஆறவிட வேண்டும். பிறகு நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய எண்ணெய் வழியும் இடங்களில் மட்டும் பவுடரைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் பூச்சு தடிக்கத் தடிக்க வியர்வை அதில் வாய்க்கால் வெட்டும். மிகக் குறைவாகப் பூசியவரின் முகமே மாலைவரை நிற்கும். கண்மை கீழே வழிந்து கரும்பட்டையாவதும் வியர்வையாலும் எண்ணெயாலும்தான். மை இடுமுன் கீழிமையின் அடியில் சிறிது பவுடரை ஒற்றிக்கொண்டால் அது அவ்வளவாக ஓடாது. உதட்டுக்குச் சற்றே நிறம், நெற்றிக்குப் பொட்டு. பத்து நிமிட வேலை.

பொட்டைப் பற்றி இடையே ஒரு சொல். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சிவக்கவைத்த குங்குமம் பெரும்பாலான நெற்றிகளிலிருந்து விலகி, அவ்விடத்தை ஸ்டிக்கர் பொட்டு பிடித்து நெடுநாளாகிறது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள வேதிப்பொருளால் நெற்றி நடுவில் வெண்புள்ளி தோன்றுவதைத் தோல் மருத்துவர்கள் பலகாலமாக எழுதிவருகின்றனர். அரிப்போ நிறமாற்றமோ கண்டவுடன் ஒட்டுவதை நிறுத்துவதே நல்லது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து வீட்டிலேயே மை கூட்டிய பாட்டிமார் இன்னும் சில குடும்பங்களில் இருக்கக்கூடும். ஆனால் வெளியிலிருந்து வரும் சில சுருமா வகைகளில் ஈயம் உண்டு என்பதால், பழையது எல்லாம் தீங்கற்றது என்று கொள்வதற்கும் இல்லை.

இந்தப் பத்து நிமிடத்தில் பொய் எங்கே இருக்கிறது? நாம் தேடிப் பார்த்தவரையில் அகப்படவில்லை. கோலமிட்ட வாசல், கோலமில்லாத வாசலைவிடப் பொய்யானதன்று. உள்ளே ஆள் இருக்கிறார், வருபவரை எதிர்பார்க்கிறார் என்று அது சொல்கிறது. தமிழ் மரபும் ஒப்பனையை இவ்வாறே கண்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் மாதவி நீராடுவதை இளங்கோவடிகள் பொறுமையாக எண்ணிச் சொல்கிறார். அதே நூலில் கணவனைப் பிரிந்த கண்ணகியின் கண் மையை மறக்கிறது, நெற்றி திலகத்தை இழக்கிறது. அங்கே பூச்சு உறவின் மொழி. பூச்சின்மை துயரின் மொழி. அம்மொழியை நாம் கொடுமையாகவும் ஆக்கிவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். கணவனை இழந்தவளின் நெற்றியை ஊர் கூடி அழித்த வழக்கம், எந்த ஒப்பனையையும்விடப் பெரிய பொய்யை அவள் முகத்தில் எழுதியது. அவள் வாழ்வு முடிந்தது என்பதே அந்தப் பொய்.

வீட்டு ஒப்பனையில் சற்றுக் கடினமான பொருள் ஒன்று உண்டு. கண்ணின் கீழே படியும் கருவளையத்தை வெளிர்நிறப் பூச்சால் மறைக்க முற்பட்டால் அது சாம்பல் பூத்துத் தோன்றும். நீலம் கலந்த கருமையை ஆரஞ்சு நிறமே சமன்செய்யும் என்பது ஓவியர்கள் அறிந்த வண்ணக் கணக்கு. ஆகவே நம்மவர் மாநிறத்திற்கு ஆரஞ்சு நிறக் கன்சீலரை ஒரு புள்ளி அளவு மோதிர விரலால் ஒற்றி, அதன்மேல் தோல் நிறப் பூச்சை இலேசாக வைக்கிறார்கள். இரவெல்லாம் உறங்காதவர் உறங்கியெழுந்தவராகத் தோன்றுகிறார். இது இல்லாத அழகா, வந்த விகாரத்தின் மறைப்பா? அக்குவினாரின் அளவுகோல் இங்கே சற்று ஆடுகிறது.

நற்செய்தி இதற்கு எதிர்பாராத ஒளி தருகிறது. நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாமல், தலையில் எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள்ளும்படி ஆண்டவர் மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறார். பசித்திருப்பவர் பசியற்றவராகத் தோன்ற வேண்டும்! முகம் உள்ளத்தை அப்படியே காட்டியாக வேண்டும் என்ற தெர்த்துல்லியனின் கட்டளை இவ்விடத்தில் பொருந்தவில்லை. தம் வருத்தத்தைப் பிறர்மேல் சுமத்தாதிருப்பது அன்பின் ஒரு வகை. பிள்ளையின் காய்ச்சலுக்காகக் கண்விழித்த ஆசிரியை, மறுநாள் வகுப்பில் தெளிந்த முகத்தோடு நின்றால் அவள் யாரையும் ஏமாற்றவில்லை.

எனினும் அந்த நோன்பாளி தானே விரும்பி நோன்பிருந்தவர். தியாகராயநகரின் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவுவரை நின்று புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் களைப்பு அவள் விரும்பி ஏற்றதன்று. அவள் பளிச்சென்று இருக்கவேண்டும் எனப் பல கடைகள் எதிர்பார்த்தன. உட்கார ஓர் இருக்கை மட்டும் தரவில்லை. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் எனத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021ஆம் ஆண்டில்தான். களைப்பை அவளே மறைப்பது ஒன்று, மறைக்கும்படி அவளைப் பணிப்பது வேறொன்று. பின்னதில் பொய் உண்டு. அது அவளுடையது அன்று.

இனி, விழாக்கால ஒப்பனைக்கு வருவோம். திருமணத்திற்கோ புதுநன்மைக்கோ வீட்டிலேயே ஒப்பனை செய்துகொள்வோருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது ஃபவுண்டேஷன் என்னும் அடிப்பூச்சின் நிறம். அதைப் புறங்கையில் தடவிப் பார்ப்பது பயனற்றது. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் அல்லாமல், வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகத்திலும் கழுத்திலும் கோடு தெரியாமல் கரைந்துபோகிற நிறமே நமது நிறம். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற மூவகை இரும்பு ஆக்சைடுகளிலிருந்து. நம் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடே. திருநீற்றுப் புதனன்று நாம் மண் என்று நினைவூட்டப்படுகிறோம். மற்ற நாள்களில் அதையே சற்று விலை கொடுத்து வாங்கிப் பூசுகிறோம் போலும்! பூச்சை வெளுப்பாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி. இது மிகுந்தாலோ, மிக நுண்ணிய சிலிக்காப் பவுடரை மேலே அள்ளிப் பூசினாலோ, புகைப்படக் கருவியின் ஃபிளாஷ் ஒளி அதில் பட்டுத் திரும்புகிறது. நேரில் நன்றாக இருந்த முகம் படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது. ஆகவே பவுடரை இட்டபின் தூரிகையால் மிகுதியைத் தட்டிவிட்டு, வீட்டிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நன்று. உதட்டுச் சாயத்தை ஒரு முறை பூசி, மெல்லிய தாளில் ஒற்றி, மறுமுறை பூசினால் பந்திக்குப் பிறகும் நிற்கும். கண்ணை அழுத்தமாகத் தீட்டினால் உதட்டை அடக்கமாக விடலாம். இரண்டும் ஒருசேரக் கூவ வேண்டியதில்லை.

கனத்த பூச்சுக்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே 'பான்கேக்' என்னும் முகப்பூச்சு லாரி லாரியாக வாங்கப்பட்டதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். அந்த ஒப்பனை அறையில் மராத்தியரும் ஆந்திரரும் சென்னைக் கிறிஸ்தவர் ஒருவரும் சேர்ந்து உழைத்து, பார்க்கும்படியாக இருந்த மனிதர்களைச் செந்நிற அரக்கர்களாக மாற்றினார்களாம். பெருவிளக்குகளின் முன் அக்காலத்துப் படச்சுருளுக்கு அது தேவைப்பட்டது. திரையில் அரக்கர் மறைந்து நாயகர் தோன்றினார். இன்றைய கைப்பேசிக் கருவிக்கு அத்தேவை இல்லை. ஆயினும் தியாகராயநகரின் திருமண மண்டபங்களில் மணப்பெண் இரண்டு மூன்று படி வெளுத்த முகத்தோடும், தன் சொந்த நிறக் கைகளோடும் அமர்ந்திருப்பதை நாம் காண்கிறோம். கழுத்தில் கோடு தெளிவாகத் தெரிகிறது. அங்கே மண்டப விளக்கின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

இல்லாத அழகைப் புனைவது என்று அக்குவினார் சொன்னது இதுதானா? அப்படிச் சொன்னால் கறுப்பு அழகன்று என்பதை நாமே ஒப்புக்கொண்டவர்களாவோம். கறுப்பு நோயுமன்று, விகாரமுமன்று. எனவே அவர் வகுத்த இரண்டாம் பிரிவிலும் அதற்கு இடமில்லை. அந்தப் பெண் மறைப்பது தன் குறையை அன்று. பிறர் குறை என்று சொல்லிவைத்ததை. நமது கேள்வி ஒப்பனை மேசையை விட்டு வரன் பார்க்கும் கூடத்திற்கு நகர்ந்துவிடுகிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2009இல் இதே சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'கறுப்பே அழகு' என்னும் பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது; 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபின் நாடெங்கும் அது பேசப்பட்டது. கருநிறத்தோரைத் தாழ்ந்தவராகவோ மணவாழ்வுக்குத் தகாதவராகவோ காட்டலாகாது என 2014இல் விளம்பரத் தர அமைப்பு விதி வகுத்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்தே 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' ஏறியது. அவ்வாண்டே ஒரு பெரிய திருமணத் தகவல் இணையதளம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. பெயர் மாறிற்று. நம் வீடுகளில் 'பெண் கொஞ்சம் நிறம் கம்மி' என்ற பேச்சு மாறிற்றா? பக்தியுள்ள குடும்பங்களே இதில் பின்தங்கியவை அல்ல என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இது வெறும் மனக்குறை அளவில் நிற்பதில்லை. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்புகளை வெளுப்புக்காகப் பூசித் தோல் மெலிந்து, பருவும் முடியும் பெருகிய முகங்கள் பலவாயின. அதன்பின் 2018இல் அரசு அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்கு உட்படுத்தியது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டது மருத்துவர்களால் வெளிக்கொணரப்பட்டது. தயாரித்தவர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத களிம்பை, அது எத்தனை விரைவாக வெளுப்பாக்கினாலும், வீட்டுக்குள் விடலாகாது.

அக்குவினார் தகும் என்றதற்கு மெய்யான இடம் அடையாற்றில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அங்கே தொடங்கிய புற்றுநோய் நிலையத்திற்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெண்கள் வருகின்றனர். கீமோதெரபி மருந்துகளில் சில, தலைமுடியோடு புருவத்தையும் இமைமயிரையும் உதிர்த்துவிடும். தலையை முந்தானையால் மூடிவிடலாம். புருவமற்ற முகத்தை மூட இயலாது. பேருந்தில் எதிரில் இருப்பவர் முதலில் காண்பது அதைத்தான். புருவம் வரைவது கடினமன்று. மூக்கு மடலின் விளிம்பிலிருந்து நேர் மேலே பென்சிலை நிறுத்தினால் புருவத்தின் தொடக்கம் கிடைக்கும். அதே மடலிலிருந்து கண்ணின் வெளிக்கோணம் வழியாகச் சாய்த்தால் முடிவு கிடைக்கும். இடையில், நேரே நோக்கும் கருவிழியின் வெளிவிளிம்புக்கு மேலே வளைவின் உச்சி. மூன்று புள்ளி வைத்தபின், ஒரே கோடாக இழுக்காமல் மயிர் மயிராகச் சிறு கீற்றுகள் இட வேண்டும். கறுப்பைவிட அடர் பழுப்பு இயல்பாக இருக்கும். சிகிச்சைக் காலத்தில் தோல் எளிதில் புண்படும், தொற்றும் எளிதில் பற்றும். ஆதலால் பென்சிலைப் புதிதாக வாங்கி, பிறரோடு பகிராமல் வைத்துக்கொள்ளுவதும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நன்று. இரண்டு கீற்றுப் புருவத்தோடு வீதியில் நடக்கிறவளைப் பார்த்து, படைத்தவர் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார் என்று சொல்லச் சிப்பிரியானே தயங்கியிருப்பார்.

முன்பு சொன்ன ஆரஞ்சுப் பூச்சுக்கு மறுபடியும் திரும்ப வேண்டியிருக்கிறது. கண்ணின் கீழ்க் கருவளையத்தை மறைக்கும் அதே புள்ளி, அடிபட்டுக் கன்றிய நீலத்தையும் மறைக்கும். நோயால் வந்ததன்று, கணவனின் கையால் வந்தது. அக்குவினாரின் சொற்களின்படி இதுவும் மறைக்கத்தக்க விகாரமே. நோன்பாளியைப்போல் இவளும் தன் வருத்தத்தைப் பிறர்மேல் சுமத்தவில்லை என்றும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வோரை நாம் நம்பலாகாது. அந்த வாட்டம் நோன்பாளி தானே தெரிந்துகொண்டது. இந்தக் கன்றல் ஒருவன் செய்த குற்றத்தின் சான்று. அதன்மேல் பூசப்படும் பூச்சு அவளைவிட அவனையே காக்கிறது. ஆயினும் பயந்தும் பிள்ளைகளுக்காகவும் அவள் அதைப் பூசும்போது, பொய்யின் பழியை அவள்மேல் ஏற்ற நமக்கு உரிமையில்லை.

மயிலையில் வாழ்வோருக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வரவேண்டியவர், அக்குவினாருக்குப் பெயர் தந்த அதே திருத்தூதர். சாந்தோம் பேராலயம் அவர் கல்லறைமீது எழுந்தது என்பது நம் மரபு. உயிர்த்த ஆண்டவரின் உடல் மாட்சி பெற்றிருந்தது. ஆனாலும் ஆணித் தழும்புகள் அதில் மறைக்கப்படவில்லை. பூட்டிய கதவுகளுக்குள், காண வேண்டும் என்று கேட்டவருக்கு அவை காட்டப்பட்டன. கேட்பதற்கு ஒரு தோமா இல்லாத வீட்டிலும் பங்கிலும், கன்னத்துப் பூச்சு தடித்துக்கொண்டேதான் போகும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலர்கள் உள்ளனர். முறையீட்டை அவளே தரவேண்டும் என்பதில்லை, அறிந்த மற்றவரும் தகவல் தரலாம். அன்பியக் கூட்டத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணின் ஒரு கன்னம் மட்டும் வழக்கத்திற்கு மாறாகப் பூசப்பட்டு, வெயிலில் அதன் ஓரம் ஆரஞ்சாகத் தெரிந்தால், எல்லாரும் எழுந்து போனபின், கணவர் அருகில் இல்லாத வேளையில் அவளோடு தனியே பேசலாம். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவள் சொல்லக்கூடும். மறுவாரம் கேட்டாலும் அதையே சொல்லக்கூடும்.